மேற்பார்வைக் குழுவோடு வேலை செய்யும்போது சறுக்கும் இடங்கள்

சனிக்கிழமைகளில் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக்கு மூன்று முனைவர் பட்ட மாணவர்கள் வருவார்கள். மூவரும் தோட்டத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். போன மாதம் ஒருவர், தன் ஆய்வை வழிநடத்தும் பேராசிரியர்களின் மேற்பார்வைக் குழுவைப் பற்றி, "அண்ணே, தலைவர் ஒன்று சொல்றார், இன்னொருவர் வேற சொல்றார். ரெண்டு பேருக்கும் சரின்னுட்டு வந்துட்டேன்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. படிவம் தாமதமாவதைப் பற்றி அலுவலகமே எச்சரிக்கும். இதை யாரும் சொல்வதில்லை.

தனித்தனியாகப் பார்த்து எல்லாருக்கும் 'சரிங்க' சொல்வது

என் ஆய்வு தோட்டத் துண்டாடல் பற்றியது. 1950களின் பிற்பகுதியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டு துண்டாகக் கைமாறி, தொழிலாளர்கள் வேலையோடு, தோட்டத்தில் குடியிருந்த லயத்து வீட்டையும் இழந்தார்கள். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களின் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்க, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதனால்தான்.

குழுத் தலைவர் வரலாற்றுக்காரர். ஆவணங்களை முதலில் பார் என்றார். மானுடவியல் உறுப்பினரோ, பெரியவர்களிடம் முதலில் பேசு என்றார். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைக்காமல் கோலாலம்பூருக்கும் தோட்டத்துக்கும் மாறி மாறி ஓடினேன். கேள்விகளை மூன்று முறை மாற்றினேன். 14 மாதம் போனது. அதற்குள், தட்டுமுட்டுச் சாமானோடு லயத்தை விட்டு வெளியேறிய நாளை நேரில் கண்ட ஒரு பாட்டி இறந்துவிட்டார். அவர் குரல் என் ஆய்வேட்டில் இல்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்றுதான் நம்மை வளர்த்தார்கள். சரி, ஆனால் இருவரையும் ஒன்றாகக் கூப்பிடுவது எதிர்ப்பது ஆகாது. கருத்து மோதுகிறது என்பதை முதலில் தலைவரிடம் தனியாகச் சொல்லுங்கள். கூட்டத்தில் திடீரெனப் போட்டு உடைக்காதீர்கள். அப்புறம் ஒவ்வொரு பருவத்திலும் ஒரு முறையாவது எல்லாரும் கூடட்டும். முடிவானதை அன்று இரவே அரைப் பக்கத்தில் எழுதி, ஒரே மின்னஞ்சலில் எல்லாருக்கும் அனுப்புங்கள்.

பெரிய பெயருக்காக ஒருவரைக் குழுவில் சேர்ப்பது

உங்கள் அத்தியாயத்தை அவர் படிக்க மாட்டார். வேண்டாம்.

தலைவரின் வயதைக் கேட்காமல் இருப்பது

அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டாய ஓய்வு பொதுவாக 60 வயதில். 58 வயதுக்காரரிடம் சேர்ந்தால், ஒப்பந்தத்தில் தொடர்வாரா, இல்லையென்றால் யார் பொறுப்பேற்பார் என்று முதல் சந்திப்பிலேயே மரியாதையாகக் கேளுங்கள்.

குழுவே தேர்வும் நடத்தும் என்று நம்புவது

அமெரிக்காவில் பெரும்பாலும் அப்படித்தான். இங்கே, உதாரணமாக புத்ரா மலேசியா பல்கலைக்கழகத்தில், மேற்பார்வைக் குழு வேறு, தேர்வுக் குழு வேறு. தோட்ட வரலாறு தெரிந்த பேராசிரியர்கள் நாட்டில் சிலரே. எல்லாரையும் மேற்பார்வைக் குழுவுக்குள் இழுத்துவிட்டால் ஆய்வேட்டை மதிப்பிட விஷயம் தெரிந்தவர் மிஞ்ச மாட்டார். யாரை வெளியே விட்டு வைப்பது என்று முதல் ஆண்டிலேயே தலைவரிடம் பேசிவிடுங்கள்.