'ரெட் ஹெர்ரிங்' என்றால் பொய் இல்லை

ஆங்கிலச் செய்திகளைப் படிக்கத் தொடங்குபவர்களைத் தடுமாற வைக்கும் தொடர்களில் 'ரெட் ஹெர்ரிங்' ஒன்று. 'சிவப்பு மீன்' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. 'ரெட் ஹெர்ரிங்' என்று தனியாக ஒரு மீன் இனம் கடலில் கிடையாது. ஹெர்ரிங் என்பது நம்ம ஊர் மத்திக்கு உறவான வெள்ளி நிற மீன். அதை உப்பிட்டு நாள்கணக்கில் புகை போட்டால் செம்பழுப்பாக மாறும், வாசனையும் ஊரைத் தூக்கும். நம் கருவாடு வெயிலில் காய்வது, இது புகையில் காய்வது. பேச்சை வேறு பக்கம் இழுத்துப் போகும் விஷயத்துக்குத்தான் இந்த மீனின் பெயரைச் சொல்கிறார்கள்.

பலரும் செய்யும் தவறு, இதைப் 'பொய்' என்ற பொருளில் எழுதுவது. ரெட் ஹெர்ரிங் முழு உண்மையாகவும் இருக்கலாம். மூன்று நாளாகக் குடிதண்ணீர் வரவில்லையே என்று கவுன்சிலரிடம் கேட்கிறீர்கள். "போன மாதம்தானே உங்கள் தெருவுக்குத் தார் ரோடு போட்டோம்?" என்கிறார். ரோடு போட்டது நிஜம். ஆனால் கேட்டது தண்ணீர். அந்த ரோடுதான் இங்கே ரெட் ஹெர்ரிங். ஒரு பேச்சு இந்தத் தொடருக்குள் வருமா என்று பார்க்க, அது உண்மையா என்று கேட்காதீர்கள். கேட்ட கேள்விக்குப் பதிலா என்று கேளுங்கள். துப்பறியும் கதைகளில் வாசகரின் சந்தேகத்தை வேறு ஆள் மேல் திருப்ப எழுத்தாளர் வைக்கும் தடயத்துக்கும் இதே பெயர்தான்.

அடுத்த தவறு, பிறந்த கதை. வேட்டை நாய்களை ஏமாற்ற, தப்பி ஓடும் குற்றவாளிகள் இந்த மீனைத் தரையில் இழுத்துக்கொண்டு போவார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கும். அது வழக்கமாக இருந்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. 17ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில் மீனை இழுக்கும் குறிப்பு உண்டு; ஆனால் அது வேட்டைக் குதிரையைப் பழக்குவதற்கான யோசனை. இன்றைய பொருளைப் பரப்பியவர் வில்லியம் காபெட் என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர். சிறுவனாக இருந்தபோது முயலைத் துரத்திய நாய்களை இந்த மீனை வைத்துத் திசைதிருப்பியதாக 1807 பிப்ரவரியில் தன் வார இதழில் எழுதினார். நெப்போலியன் தோற்றுவிட்டதாக வந்த பொய்ச் செய்தியை நம்பி, உள்நாட்டு விஷயங்களைக் கோட்டைவிட்ட பத்திரிகைகளைச் சாடத்தான் அந்தக் கதை. அவர் சொன்ன சம்பவம் நடந்ததோ இல்லையோ, தொடர் நிலைத்துவிட்டது.

அப்புறம், பங்குச் சந்தை. ஒரு நிறுவனம் முதன்முறையாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்பதை ஐபிஓ என்பார்கள்; அப்போது நிறுவனத்தைப் பற்றியும் பங்கைப் பற்றியும் விவரம் சொல்லி வெளியிடும் ஆவணம் ப்ராஸ்பெக்டஸ். ஐபிஓ செய்திகளில் வரும் 'ரெட் ஹெர்ரிங் ப்ராஸ்பெக்டஸ்' என்பதைப் பார்த்து, ஏதோ மோசடி ஆவணம் என்று பயப்படுபவர்கள் உண்டு. மேலே சொன்ன பொருளை இங்கே கொண்டுவரக் கூடாது. அமெரிக்காவில் இந்த முதற்கட்ட ஆவணத்தின் அட்டையில் சிவப்பு மையில் எச்சரிக்கை அச்சிடுவார்கள்; பெயர் அதிலிருந்து வந்தது. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு இதே பெயரைப் பயன்படுத்துகிறது. பங்கின் விலை அல்லது எண்ணிக்கை பற்றிய முழு விவரம் இல்லாத ஆவணம் என்பதே அங்கே பொருள். பங்கு வெளியீடு முடிந்து அந்த விவரங்களோடு பதிவாவதற்கு வெறும் 'ப்ராஸ்பெக்டஸ்' என்றுதான் பெயர்.