பினாங்கில் கப்பல் நிற்கும் நாளில் மழை பிடித்துக்கொண்டால்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் மூன்று, நான்கு இரவுக் கப்பல்களில் பல, பினாங்கின் ஜார்ஜ் டவுன் ஸ்வெட்டன்ஹாம் துறையில் சில மணி நேரம் நிற்கும். மழை நாளுக்கு இதைவிடத் தோதான துறைமுகம் கிடைப்பது அரிது. கப்பலைத் துறையிலேயே கட்டிவிடுவதால் ஆடும் சிறு படகில் ஏறி இறங்கும் தொல்லை இல்லை. முனையத்தின் வாசலைத் தாண்டினால் ஊர். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதை. இவ்வளவு இருந்தும் குடும்பங்கள் நனைந்து நொந்துபோய்த் திரும்புவதற்குக் காரணம், வெயில் நாளுக்குப் போட்ட திட்டத்தை மழையிலும் விடாமல் பிடித்துக்கொள்வதுதான்.

திட்டத்திலிருந்து முதலில் வெட்ட வேண்டியது பினாங்கு மலைப் பயணம். ரயில் ஏறும் கீழ் நிலையம் ஆயர் ஈத்தாமில், துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 8 கி.மீ. மழையில் அந்தச் சாலை ஊர்ந்துதான் நகரும். மேலே போனாலும் மேகம் மூடியிருந்தால் பார்ப்பதற்கு வெள்ளைத் திரைதான். அதே பக்கம் இருக்கும் கெக் லோக் சி கோயிலிலும் படிகள் அதிகம், ஈரத்தில் வழுக்கும். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவுக்கு ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் போய் வாருங்கள். அந்தப் பேருந்து தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாக வண்டி பிடித்துப் போனவர்களுக்காகக் காத்திருக்காது.

பினாங்கில் மழை பெரும்பாலும் நாள் முழுக்கப் பெய்வதில்லை. மதியத்துக்கு மேல் இடியோடு ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டு ஓய்வதே வழக்கம். செப்டம்பர், அக்டோபரில் அதிகம். எனவே முன்னறிவிப்பில் மழைப் படத்தைப் பார்த்ததும் கப்பலிலேயே இருந்துவிட வேண்டாம். மலேசிய வானிலைத் துறையின் ‘மைகுவாச்சா’ செயலியைக் கப்பல் ஏறுமுன் இறக்கிக்கொள்ளுங்கள். காலை வெளுத்திருந்தால் கூரையில்லாத இடங்களை முதலில் முடியுங்கள். காலையிலேயே கொட்டினால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள்.

நால்வர் குடும்பத்துக்கு இரண்டு மடக்குக் குடையும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மழைக்கோட்டும் போதும். நாலு குடை விரித்தால் ஐந்தடியில் நகர முடியாது. தூண்களுக்கும் நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிள்களுக்கும் நடுவே ஒருவர் போகத்தான் இடம் இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று உடுப்பு, ஒரு சிறு துண்டு, ஜிப் பைகள் நாலைந்து, மெல்லிய சால்வை ஒன்று. வெளியே புழுங்கும், நனைந்த சட்டையோடு ஏசி அறைக்குள் நுழைந்தால் பல் கிட்டும். சால்வை அதற்குத்தான்.

காலணிதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கோயில், மசூதி என்று பல இடங்களில் கழற்ற வேண்டியிருக்கும். சாக்ஸ் போட்டால் முதல் இடத்திலேயே ஊறிவிடும். பின்பட்டை உள்ள, அடி தேயாத சாண்டல் போதும். ரப்பர் செருப்பு மட்டும் வேண்டாம், நடைபாதையின் பூ ஓடுகள் ஈரத்தில் கண்ணாடி. கடைக்குக் கடை தரை மட்டமும் மாறும், நடுநடுவே படி வரும். தள்ளுவண்டியைக் கப்பலிலேயே விட்டுவிட்டுக் கைக்குழந்தையை மார்பில் கட்டிக்கொள்வது மேல்.

இறங்கியதும் எதிரே 60 அடி மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி பட்டமேறி 60 ஆண்டு நிறைந்ததற்கு, ஆண்டுக்கு ஓர் அடியாகக் கட்டியது. படம் எடுத்துக்கொண்டு நேரே லிட்டில் இந்தியாவுக்கு நடங்கள். அவசரப்படாமல் போனாலும் பத்துப் பதினைந்து நிமிடம். குயின் தெருவில் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. நம்மூர்க் கோயில்களைப் போல மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், மழை எப்படி இருந்தாலும் இதை முற்பகலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வலுத்தால் அங்கிருந்து சில நிமிடத்தில் சர்ச் தெருவின் பெரனாக்கான் மாளிகைக்குள் புகுந்துவிடலாம்; பெரனாக்கான் என்பது இங்கேயே வேரூன்றி மலாய்ப் பழக்கங்களும் கலந்த சீன வம்சாவளியினர். நகை, மரச் சித்திர வேலை, கண்ணாடிச் சாமான் என்று ஒன்றரை மணி நேரம் போவதே தெரியாது. பிள்ளைகள் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. மழை சற்று விட்டதும் கப்பித்தான் கிளிங் மசூதிப் பக்கம் நடங்கள். தொழுகை நேரம் தவிர மற்ற நேரங்களில் வெளியாரும் பார்க்கலாம், உடை போதாதவர்களுக்கு மேலங்கி கொடுப்பார்கள். சூலியா தெரு முனையில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நாகப்பட்டினக் கரையிலிருந்து வந்தவர்கள் எழுப்பியது. சின்னதுதான், ஆனால் நம்மவர்கள் பார்க்காமல் வரக்கூடாது. அடுத்த மழைக்கு, கூ என்ற சீனக் குலத்தாரின் மண்டபமான கூ கோங்சி. மண்டபத்தின் கூரைச் சிற்பங்களைப் பார்க்க முற்றத்தில் நிற்க வேண்டும், மழை வந்தால் கீழ்த்தளத்து அருங்காட்சியகத்துக்குப் போய்விடலாம்.

மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிவைத்த நாசி கண்டார், அதாவது சோறும் விதவிதமான குழம்பும். ‘பஞ்சிர்’ என்றால் எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். காரம் ஆகாத பிள்ளைக்கு வெறும் சோறும் பொரித்த கோழியும் கேளுங்கள். பெரிய இறால், மீன் தலை போன்றவற்றைத் தட்டில் வைக்குமுன் விலை கேட்டுவிடுவது நல்லது. சைவத்துக்கு லிட்டில் இந்தியாவிலேயே வாழையிலைக் கடைகள் உண்டு. மழை நேரத்தில் பன்னிரண்டரைக்கு மேல் எல்லாரும் உள்ளே வந்துவிடுவார்கள், பதினொன்றரைக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

மழையில் செய்யக் கூடாதவை இரண்டு. கடலுக்குள் நீளும் சியூ படகுத்துறைக் குடியிருப்பின் பலகைப் பாதை நனைந்தால் பாசி பிடித்தது போல வழுக்கும்; இடி இடிக்கும்போது திறந்த கடல் முனையில் குடையோடு நிற்பதும் ஆபத்து. இன்னொன்று, தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் கால் வைப்பது. கடல் ஏற்றமும் கனமழையும் சேர்ந்தால் கடலோரச் சாலையான வெல்ட் கீ பக்கம் தண்ணீர் நிற்கும், ஓரத்தில் திறந்த வடிகால் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பிள்ளைகளைச் சுவர்ப் பக்கமாகப் பிடித்துக்கொண்டு நடங்கள்.

திரும்புவதில்தான் பலர் தவறுகிறார்கள். கொட்டும் மழையில் ‘கிராப்’ செயலி வாடகை வண்டியின் விலை ஏறும், வண்டி வரவும் நேரமாகும். ஊரின் மையத்தைச் சுற்றும் இலவச ‘கேட்’ (CAT) பேருந்து உதவும். ஆனால் வட்டப்பாதை என்பதால் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். கடைசி ஏறும் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே முனையத்தில் இருங்கள். மழை நாளில் எல்லாரும் ஒரே சமயத்தில் ஒதுங்கி வருவார்கள். ஈரப் பையும் குடையும் எக்ஸ்ரேயில் போய் வர வரிசை நீளும். துறைமுக முகவரின் எண், கப்பல் தரும் தினசரித் தாளில் இருக்கும். இறங்குமுன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஃபுக்கெட்டுக்கும் போகிறது என்றால், தாய்லாந்து நேரம் ஒரு மணி பின்னால். அங்கே கைபேசி காட்டுவதை நம்பாமல் கப்பல் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் வைத்திருங்கள்.

அறைக்கு வந்ததும் சாண்டலைக் குளியலறையில் கழுவி வையுங்கள். பல கப்பல்களில் ஷவர் மேலே இழுத்துக் கட்டும் கொடி இருக்கும். ஏசிக் காற்றில் மெல்லிய துணி விடிவதற்குள் காய்ந்துவிடும், ஜீன்ஸ் காயாது. ஷூ நனைந்திருந்தால் உள்ளே தாளைச் சுருட்டித் திணித்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஹேர் டிரையரை ஷூவுக்குள் செருகி வைத்தால் சூடேறி நின்றுவிடும், தள்ளிப் பிடியுங்கள்.