பதற்றம் குறைந்தது, வேலை மட்டும் நகரவில்லை

மனச்சோர்வு, பதற்றம் என்று இரண்டு வருடம் எஸ்சிட்டலோபிராம் மாத்திரை சாப்பிட்டேன். அழுகை நின்றது, தூக்கம் வந்தது, ஆனால் கரண்ட் பில் கட்ட மறந்து இரண்டு முறை ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுப் போனார்கள். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். மூன்று டைரி வாங்கினேன், மூன்றிலும் ஜனவரி முதல் வாரம் மட்டும்தான் நிரம்பியிருக்கிறது.

இதில் ஒன்றைக் கவனித்தேன்: பதற்றம் குறையக் குறைய வேலை இன்னும் மோசமானது. கடைசி நாள் பயம்தான் அதுவரை என்னை ஓட்டியிருக்கிறது போல. இதைச் சொன்னதும் புது டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, பள்ளி ரேங்க் கார்டு இருக்கிறதா என்று கேட்டார். ஏடிஹெச்டி (கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு) என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டுமாம். அம்மாவின் டிரங்குப் பெட்டியில் நாலாம் வகுப்பு அட்டை கிடைத்தது: "புத்திசாலி, ஆனால் வகுப்பில் கவனமே இல்லை." ஐந்தாம் வகுப்பிலும் அதே வரி, வேறு டீச்சர் கையெழுத்து.

இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, பழைய மாத்திரையோடு ஏடிஹெச்டிக்கான மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்தார். மதியம் போட்டால் தூக்கம் கெடுகிறது, அதனால் காலையில் மட்டும். பசி கொஞ்சம் குறைந்தது, அப்புறம் சரியானது. இந்த மாத பில் தேதிக்கு முன்பே கட்டியாச்சு, அப்பாடா.