கர்லிங்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பனித்தரையில் கல்லைச் சறுக்கவிட்டு எதிர்முனை வட்டத்துக்குள் நிறுத்தும் ஆட்டம் கர்லிங். அதைப் பார்க்க உட்காருகிற எவரும் முதலில் தப்புக்கணக்குப் போடுவது ஸ்கோரில்தான். ஹவுஸ் எனப்படும் வட்டத்துக்குள் நிற்கிற கல்லையெல்லாம் இரண்டு அணிக்கும் எண்ணிவிடுகிறார்கள். அப்படி இல்லை. அணிக்கு எட்டு என 16 கற்களும் விட்டு முடித்தால் ஒரு எண்ட். அதில் ஒரு அணிக்கு மட்டுமே புள்ளி. நடுவிலுள்ள பட்டனுக்கு மிக அருகில் கல் வைத்திருப்பவர்களுக்கு, எதிரணியின் மிக நெருங்கிய கல்லைவிட உள்ளே இருக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒன்று. நடுவிலிருந்து சிவப்பு, சிவப்பு, மஞ்சள், அப்புறம் மூன்று சிவப்பு என நின்றால், சிவப்புக்கு இரண்டுதான். மீதி மூன்றும் வீண். வெளிவட்டத்தின் விளிம்பைத் தொட்டாலே கல் கணக்கில் சேரும். இரு அணி வைஸ் ஸ்கிப்புகளும் (துணைத் தலைவர்கள்) ஒத்துக்கொள்வதற்குள் கல்லைக் காலால் ஒதுக்கிவிடாதீர்கள். அளக்க வேண்டி வந்தால் சண்டைதான்.

எண்டின் கடைசிக் கல்லுக்கு ஹேமர் என்று பெயர். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் அதை இழக்கும். அதனால் ஹேமரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளிக்கு ஆசைப்படுவது பல நேரம் நஷ்டம். தேர்ந்த அணிகள் வேண்டுமென்றே வட்டத்தைக் காலி செய்து, யாருக்கும் புள்ளியில்லாமல் எண்டை முடித்து, ஹேமரைத் தக்கவைத்துக்கொள்ளும். கலப்பு இரட்டையரில் இந்தத் தந்திரம் பலிக்காது. அங்கே எண்ட் வெறுமையாக முடிந்தால் ஹேமர் எதிரணிக்குப் போய்விடும்.

சரி, களத்தில் இறங்கினால்? கல் கிட்டத்தட்ட 20 கிலோ கிரானைட். பார்த்ததும் தோள்பலத்தைக் காட்டத் தோன்றும். ஆனால் வேகம் காலிலிருந்து வருகிறது. ஹேக் என்ற ரப்பர் பிடிமானத்தில் ஒரு காலை ஊன்றி உதைத்தால், உடம்போடு சேர்ந்து கல்லும் சறுக்கும். கடைசி நொடியில் கையால் ஒரு தள்ளு தள்ளினால் வேகமும் கெடும், திசையும் கெடும். கல்லைத் தரையிலிருந்து தூக்கவே கூடாது.

சுழற்சியை மறந்துவிடுவது இன்னொன்று. சுழலாத கல் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கைப்பிடியைக் கடிகாரத்தின் பத்து மணி நிலையிலிருந்து பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து விட்டால் கல் வலமாகச் சுழன்று வலப்பக்கம் வளையும். மேசைமேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து அதேபோல் சுழற்றித் தள்ளிப் பாருங்கள், அது இடப்பக்கம் போகும். கல் ஏன் இப்படி என்று இயற்பியலாளர்கள் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓடும் கல்லுக்கு முன்னால் பனியைப் பிரஷால் துடைப்பது பற்றித்தான் தவறான எண்ணங்கள் அதிகம். பனி கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. ஆட்டத்துக்கு முன் நீர்த்துளிகளைத் தூவி உறையவைப்பார்கள். பெபிள் எனப்படும் அந்தச் சிறு புடைப்புகள்மேல், அடியில் குழிந்த கல்லின் மெல்லிய வளையம் மட்டும் தொட்டு ஓடும். பிரஷ் தேய்க்கும்போது புடைப்புகள் லேசாகச் சூடாகி உராய்வு குறைகிறது. கல் இன்னும் தூரம் போகும், வளைவது குறையும். ஆகவே வளைய வேண்டிய கல்லை ஆர்வக்கோளாறில் தேய்த்தால் ஸ்கிப் (அணித்தலைவர்) கத்துவதில் நியாயம் இருக்கிறது. ‘ஹர்ரி’ என்று கத்தினால் தேய்க்கணும், ‘வோ’ என்றால் நிறுத்தணும். அவர்கள் ‘வெயிட்’ என்பது எடையை அல்ல, வேகத்தை. பிரஷ்மேல் உடம்பின் பாரத்தை இறக்காமல் சும்மா தடவுவதால் பயனில்லை.

ஓடும் கல்லில் பிரஷ் பட்டுவிட்டால் மறைக்காமல் உடனே சொல்வதுதான் இந்த ஆட்டத்தின் மரியாதை. எதிர்முனை ஹாக் கோட்டை (ஹவுஸுக்கு முன்னால் குறுக்கே போட்ட கோடு) எட்டும் முன் பட்டிருந்தால் அந்தக் கல்லை அப்போதே எடுத்துவிட வேண்டும். தாண்டியபின் என்றால் பதறிப்போய்க் காலால் நிறுத்தாதீர்கள். எல்லாம் அடங்கியதும் எதிரணி ஸ்கிப் முடிவு செய்வார்.

ஹாக் கோடுகள் இரண்டு. உங்கள் பக்கக் கோட்டுக்கு முன்பே கையை எடுத்துவிட வேண்டும். எதிர்முனைக் கோட்டைக் கல் முழுதாகத் தாண்டி நிற்க வேண்டும்; கோட்டைத் தொட்டு நின்றால் செல்லாது. ஆட்டத்திலுள்ள வேறொரு கல்லில் இடித்து நின்றிருந்தால் மட்டும் விலக்கு. அந்தக் கோட்டுக்கும் ஹவுஸுக்கும் நடுவே காவலாக நிற்கும் எதிரணிக் கல்லை, இரு அணியும் சேர்ந்து விடும் முதல் ஐந்து கற்கள் முடியும்வரை ஆட்டத்திலிருந்து அடித்து வெளியேற்றக்கூடாது. மீறினால் அது பழைய இடத்துக்கே திரும்பும், உங்கள் கல் வெளியே.

காலணியில் அலட்சியம் வேண்டாம். ஒரு காலுக்கு வழுக்கும் ஸ்லைடர், மற்றதற்குப் பிடிக்கும் கிரிப்பர். பனியில் முதலில் வைக்க வேண்டியது கிரிப்பர் கால். பின்பக்கமாக விழுந்தால் தலைதான் அடிவாங்கும் என்பதால் புதியவர்கள் ஹெல்மெட் போடுவதே நல்லது. தெருவில் நடந்த ஷூவோடு ஏறினால் ஒட்டியிருக்கும் மணல் பெபிளைக் கீறிவிடும். முட்டியையோ உள்ளங்கையையோ பனியில் ஊன்றிக்கொண்டு இருந்தாலும் அந்த இடம் உருகித் தட்டையாகும், அடுத்து அதன்மேல் வரும் கல் எதிர்பாராத பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.