கியர் பொக்ஸ் கூலர்: கிணற்றுத் தண்ணீர் குடித்த ரேடியேற்றரை நம்பாதீர்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி 1990களின் டொயோட்டா சூப்பர் கஸ்டம் வான் ஒன்றை என் கராஜுக்குக் கொண்டுவந்தார். ஓட்டோ கியர். லண்டனிலிருந்து வரும் பெரியப்பா குடும்பம் இலங்கையைச் சுற்றிப் பார்ப்பதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, கட்டில், தண்ணீர்த் தாங்கி, காஸ் அடுப்பு எல்லாம் பூட்டியிருந்தார். கையில் கியர் பொக்ஸ் ஒயிலைக் குளிர வைக்கும் கூலர் ஒன்று, பெட்டி பிரிக்காதது. “அண்ணை, இதைப் பூட்டினால் நுவரெலியா ஏறலாம்தானே?” என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதே முகத்தோடு ஒரு கூலர் வாங்கி வந்தவன் என்பதால் உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை.

கிளிப்பை இறுக்குங்கள், ஒயில் அளவைப் பாருங்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் வானுக்கு அடியில் படுக்கவே கூடாது.

வெறும் வானின் நிறையைப் பார்த்து வாங்குவது

கூலர் பெட்டியில் எத்தனை கிலோ வாகனத்துக்கு அது தாங்கும் என்று போட்டிருக்கும். தம்பி பதிவுப் புத்தகத்தில் உள்ள வெற்று நிறையைப் பார்த்து வாங்கியிருந்தார். தாங்கியில் 100 லீற்றர் தண்ணீர் என்றால் 100 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டருக்கு இரும்பின் பாரம் வேறு. மேலதிக பற்றரி, பலகைக் கட்டில், ஆறு பேர், அவர்கள் கொண்டுவரும் பயணப்பெட்டிகள். அரைத் தொன்னுக்கு மேல் கூடிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் ஓடும்வரை இந்தப் பிழை தெரியாது. நம் ஊரில் ஏற்றம் என்று சொல்லப் பாலங்களைத் தவிர என்ன இருக்கிறது? ஏ-9 வீதியில் மேல் கியரில் ஒரே சீராகப் போகும்போது, எஞ்சின் சுழற்சியை ஒயில் வழியாகக் கியர் பொக்ஸுக்குக் கொடுக்கும் டோர்க் கன்வேர்ட்டர் பூட்டிக்கொண்டு ஓடும். சூடு அதிகம் பிறக்காது. கம்பளை தாண்டி ரம்பொடை வளைவுகளில் இரண்டாம் கியரில் ஊரும்போது பூட்டு விடுபடும், உள்ளே ஒயில் கடையப்பட்டுச் சூடேறும், வேகமில்லாததால் காற்றும் வராது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். சுமையோடு நிறையைக் கணக்கிட்டு, அதற்கும் ஒரு அளவு பெரியதாக வாங்குங்கள். ஒயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடுமே என்ற கவலை பனி கொட்டும் நாட்டாருக்கு உரியது.

குழாய்க் கூலரா, தட்டுக் கூலரா?

தட்டு. ஒரே அளவில் குழாய்க் கூலரைவிட அதிகச் சூட்டை இறக்கும். நம் வான்களின் முகப்பில் இருக்கும் இடமும் அவ்வளவுதான்.

பாவித்த கூலர்

வேண்டாம். பழைய கியர் பொக்ஸின் இரும்புத் தூள் அதற்குள் இருக்கும். எப்படிக் கழுவினாலும் முழுதாகப் போகாது.

ரேடியேற்றருக்குள் இருப்பதை மறப்பது

இதைத்தான் நான் செய்தேன். இன்றும் நினைத்தால் பல்லைக் கடிக்கிறேன்.

ஓட்டோ வான்களில் கம்பனியே ஒரு கூலரைப் போட்டிருக்கிறது. அது ரேடியேற்றரின் தாங்கிக்குள், தண்ணீரில் மூழ்கியபடி இருக்கும். வெளியே வாங்கும் கூலரை அதற்கு அடுத்ததாக இணைப்பதுதான் வழக்கம்: கியர் பொக்ஸிலிருந்து ரேடியேற்றர், அங்கிருந்து புதுக் கூலர், பிறகு திரும்பக் கியர் பொக்ஸ். முறை சரியானதுதான். ஆனால் அந்த ரேடியேற்றர் இத்தனை காலம் எதைக் குடித்தது?

யாழ்ப்பாணம் சுண்ணாம்புப் பாறைமேல் இருக்கும் மண். நம் கிணற்றுத் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாய்ப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். அதே வாளியால் அள்ளி ரேடியேற்றருக்கும் ஊற்றுகிறோம். கூலன்ட் வாங்கக் காசில்லாமல் அல்ல. “தண்ணீர்தானே” என்ற எண்ணம். கரையோரக் கிணறு என்றால் உப்பும் சேரும். இருபது, முப்பது ஆண்டுகளில் உள்ளே இருக்கும் அந்தக் கூலர் அரித்து, ஊசிமுனை அளவில் ஓட்டை விழும்.

எஞ்சின் ஓடும்போது ஒயிலுக்கும் அமுக்கம் இருப்பதால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். வானை நிறுத்தியதும் ஒயிலின் அமுக்கம் விழுந்துவிடும். சூடான ரேடியேற்றரின் அமுக்கம் அப்படியே நிற்கும்; மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எழுதியிருப்பது அதைத்தான். நாம் தூங்கும்போது தண்ணீர் மெல்ல மெல்லக் கியர் பொக்ஸுக்குள் போகும்.

நான் புதுக் கூலரைப் பூட்டி, ஊரெல்லாம் காட்டிவிட்டு, குடும்பத்தோடு கதிர்காமம் போனேன். போகும்போது ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலை ரிவேர்ஸ் விழவில்லை. ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டியது ஐஸ்கிறீம் கடைப் பலூடாவைப்போல, நுரையோடு வெளிர் ரோசா நிறத்தில் ஒழுகியது. கியர் பொக்ஸுக்குள் இருக்கும் கிளச் தட்டுகளில் கடதாசி போன்ற ஒரு படலம் ஒட்டியிருக்கும். தண்ணீர் பட்டால் அது ஊறி உரிந்துவிடும். ஒயிலை எத்தனை தரம் மாற்றினாலும் பயனில்லை; பாதி ஒயில் கன்வேர்ட்டருக்குள்ளேயே தங்கும். நான் மூன்று தரம் மாற்றிப் பார்த்தேன், அந்தக் காசும் போனது. வான் லொறியில் ஏறி ஊருக்கு வந்தது. குடும்பம் பஸ்ஸில் வந்தது. மாமியார் வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை; ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

புதுக் கூலர் மட்டும் பழுதில்லாமல் பளபளத்தது.

ஆகவே கூலர் வாங்க வைத்திருக்கும் காசில் முதலில் ரேடியேற்றரைப் பாருங்கள். உள்கூலரைக் காற்றடித்துத் தண்ணீரில் அமிழ்த்திச் சோதிக்கலாம். ஆனால் குளிர்ந்திருக்கும்போது தாங்கிவிட்டுச் சூட்டில் வாய் திறப்பதும் உண்டு. நான் இரண்டு வழிதான் சொல்வேன். ஒன்று, புது ரேடியேற்றர், கூலன்டோடு. அதற்கு வசதியில்லையென்றால் உள்கூலரின் இரு முனைகளையும் கழற்றிவிட்டு, ஒயிலை நேரே வெளிக்கூலருக்கு அனுப்புங்கள். அப்போது வேலை முழுவதும் அதன் தலையில் விழும். இன்னும் பெரிய கூலரும், அதற்கென்று தனி மின்விசிறியும் வேண்டும். சிறிய கூலரை வைத்து இதைச் செய்தால் மலையில் ஒயில் கருகும்.

பிளாஸ்டிக் ஊசியால் குத்திப் பூட்டுவது

பெட்டியோடு வரும் அந்த ஊசிகள் ரேடியேற்றர் இதழ்களை உரசி உரசி ஓட்டையாக்கும். தகட்டுப் பட்டி வளைத்து வானின் உடம்போடு பூட்டுங்கள். கூலரில் ஹோஸ் பூட்டும் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கும். மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும்.

பெற்றோல் ஹோஸ்

கூடாது. சூடான கியர் ஒயிலுக்கென்று தனி ஹோஸ் இருக்கிறது.

தம்பியின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து விரலை விட்டேன். கேத்தல் அடியில் வழிக்கும் அதே வெள்ளைக் காறை நகத்தோடு வந்தது. அவரது விரலையும் விடச் சொன்னேன். கொஞ்ச நேரம் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கூலர் இப்போது என் மேசையில் பெட்டியோடு இருக்கிறது. கொழும்பிலிருந்து ரேடியேற்றர் வரவேண்டும், கூலரையும் பெரியதாக மாற்றித் தரக் கடைக்காரர் சம்மதிக்க வேண்டும். பெரியப்பா நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வந்திறங்குகிறாராம்.