கடல் வெப்ப அலையும் மீனின் அடுத்த தலைமுறையும்: வாழைச்சேனைக் கரையில் பதிவு எடுக்கும் முறை

கடல் நீரின் சூடு, ஆண்டின் அதே நாளுக்கான 30 ஆண்டுக் கணக்கில் 90 சதவீத நாட்களைவிடக் கூடி, 5 நாளாவது விடாமல் நின்றால்தான் அது கடல் வெப்ப அலை. ஒரு நாள் கொதிப்பைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். 30 ஆண்டுக் கணக்கைச் செய்மதித் தரவிலிருந்து எடுங்கள். கையால் அளப்பது அதைச் சரிபார்க்க மட்டுமே.

தினமும் ஒரே இடம், ஒரே நேரம், 1 மீற்றர் ஆழம். முகத்துவாரத்துக்குக் கிட்ட அளக்காதீர்கள்: வாவித் தண்ணி கலந்து கணக்கைக் கெடுக்கும்.

அளந்து பதிய ஏற்ற மீன் சூடை (மத்தி இனச் சிறு மீன்). ஓராண்டுக்குள்ளேயே சினை பிடிப்பதால் தலைமுறை சீக்கிரம் மாறும். மாதம் 50 மீன், பொறுக்காமல் வாங்குங்கள். பெரிதாய்ப் பார்த்து எடுத்தால் எல்லாம் வீண். மூக்கிலிருந்து வால் பிளவு வரை நீளம், பிறகு எடை, வயிற்றைக் கீறிச் சினைப்பை எடை. தராசு 0.1 கிராம் காட்ட வேண்டும். 40 கிராம் மீனில் 2 கிராம் சினை என்றால் 2 ÷ 40 × 100 = 5. சூட்டுக்குப் பின் இந்த எண் விழுகிறதா, பாதி மீன் சினை பிடிக்கும் நீளம் ஆண்டுக்காண்டு குறைகிறதா என்று அதே மாதங்களை ஒப்பிடுங்கள்.

வலைக்கண் அளவையும் எழுதுங்கள். கண் மாறினால் மீனின் அளவும் மாறும். அதை எழுதாவிட்டால் பழி கடல் சூட்டுக்குப் போகும். அதிகப்படியான பிடிப்பும் மீனைச் சிறுக்க வைக்கும்.

பெற்றோர் சூட்டில் வளர்ந்தால் குஞ்சு அதைத் தாங்கப் பழகலாம் என்பது அவுஸ்திரேலியப் பவளப்பாறை மீன்களை வளர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் பழகினாலும் உடல் சிறுப்பதும் முட்டை குறைவதும் உண்டு.