அஞ்சு லியோபோல்ட், ஒரே ஷீட்: பழைய டெஸ்ஸாவர் வாழ்க்கையை குழம்பாம டைம்லைன் போடுறது எப்படி

அன்ஹால்ட்-டெஸ்ஸாவ் இளவரசர் முதலாம் லியோபோல்ட், பிரஷ்யா ராணுவத்தோட ஃபீல்டு மார்ஷல் (ராணுவத்துல உச்சப் பதவி), 1676ல பொறந்து 1747 வரைக்கும் இருந்தவர், ஜெர்மன்காரங்க பழைய டெஸ்ஸாவர்னு சொல்ற ஆளு. இவரோட வாழ்க்கையை ஒரே ஷீட்ல கொண்டு வர்றதுதான் இந்தப் பதிவு. அந்தக் காலத்து ஜெர்மன் இளவரசர்-ஜெனரல் வேற யாரை எடுத்தாலும் இதே முறை ஓடும். பிரஷ்யா எங்க இருந்துச்சு, புனித ரோமானியப் பேரரசுன்னா என்னன்னெல்லாம் இங்க ஆரம்பிக்கல, அது தெரியும்னு வச்சுக்கிறேன்.

ஸ்டெப் 1: ஷீட் திறங்க. டைம்லைன் ஆப் எதுவும் வேணாம், பாக்க அழகா இருக்கும், ரெண்டு வரி எழுதுனதும் இடம் பத்தாது. தேதியை ஒரே கட்டத்துல போடாதீங்க, எக்செல் 1900க்கு முந்தின தேதியை தேதியாவே எடுத்துக்காது, வெறும் எழுத்தாத்தான் வச்சுக்கும், அப்புறம் வரிசைப்படுத்துனா எல்லாம் கலைஞ்சிடும். வருஷம், மாசம், நாள்னு மூணு தனி காலம் (column, நெடுவரிசை).

ஸ்டெப் 2: பக்கத்துல இன்னும் ரெண்டு காலம், ஒண்ணு "வீடு", இன்னொண்ணு "வேலை". இது ஏன்னா, இவர் டெஸ்ஸாவ்ங்கிற குட்டி நாட்டுக்கு ஆளுற ராஜா மாதிரி, அதே நேரத்துல பிரஷ்ய மன்னர்கிட்ட சம்பளத்துக்கு இருக்குற ஜெனரல். 1693ல அப்பா இறந்ததும் அப்பாவோட ரெஜிமென்ட் (படைப்பிரிவு) இவர் கைக்கு வருது (வேலை), ஆனா நாட்டை அம்மா பாத்துக்கிறாங்க, 1698லதான் ஆட்சி இவர்கிட்ட வருது (வீடு). அதே 1698ல மருந்துக்கடைக்காரர் பொண்ணு அன்னா லூயிஸ ஃபோஸ கல்யாணம் பண்ணிக்கிறார், ராஜ வம்சத்துல அது எவ்வளவு பெரிய கலாட்டா! ரெண்டையும் ஒரே காலத்துல எழுதுனா மனுஷன் எப்ப எங்க இருந்தார்னே புரியாது.

ஸ்டெப் 3: பேர். எல்லாரும் மாட்டிக்கிற இடம் இது, நானும் ரொம்ப நேரம் இங்கதான் நின்னேன், அதனால மெதுவா போவோம். 1701ல ஃபோஸக்கு இளவரசி பட்டம் கொடுத்தது புனித ரோமானியப் பேரரசர், அவர் பேரும் முதலாம் லியோபோல்ட். அந்தப் பட்டத்தாலதான் பிள்ளைங்களுக்கு வாரிசு உரிமையே வந்துச்சு, ஆக அந்த வரியை தப்பா படிச்சா புருஷனே பொண்டாட்டிக்குப் பட்டம் கொடுத்த மாதிரி ஆயிடும். அடுத்து ரெண்டாவது மகன் லியோபோல்ட் மாக்சிமிலியன், 1700ல பொறந்தவர், இவரும் பிரஷ்ய ஃபீல்டு மார்ஷல்! 1741ல க்ளோகாவ் கோட்டையை ராத்திரியில பிடிச்சது மகன், அப்பா இல்ல. 1742 சோட்டுசிட்ஸ் போரும் மகன் கணக்குதான். பேரன் மூணாம் லியோபோல்ட், வோர்லிட்ஸ் தோட்டம் அமைச்சவர், போரை விட்டு விலகி நின்ன ஆளு. அப்புறம் பக்கத்து நாடான அன்ஹால்ட்-கோத்தன்ல ஒரு லியோபோல்ட், 1717லேர்ந்து 1723 வரைக்கும் இசையமைப்பாளர் பாஹ் அவர்கிட்டதான் வேலை பாத்தார், நம்மாளுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

வழி ரொம்ப சிம்பிள். ஷீட்ல வெறும் "லியோபோல்ட்"னு எங்கயும் எழுதாதீங்க, லியோ-1676, லியோ-1700, பேரரசர்-1640னு பொறந்த வருஷத்தோட எழுதுங்க. கலர் கொடுக்கிறதெல்லாம் பிரிண்ட் எடுத்தா போயிடும், நம்பர் போகாது.

ஸ்டெப் 4: காலண்டர். ஜெர்மன் புராட்டஸ்டன்ட் நாடுகள் புது காலண்டருக்கு மாறுனப்போ 1700 பிப்ரவரி 18க்கு மறுநாளே மார்ச் 1, இங்கிலாந்து 1752 வரைக்கும் பழைய காலண்டர்லயே இருந்துச்சு. அதனால 1704 பிளென்ஹைம் போர் ஆங்கிலேயர் பழைய குறிப்புல ஆகஸ்ட் 2, மத்த இடத்துல ஆகஸ்ட் 13. ரெண்டு போர் இல்ல, ஒண்ணுதான். அதுல பேரரசரோட தளபதி யூஜீன் இளவரசரோட பக்கம் பிரஷ்யப் படையை நடத்துனது லியோ-1676.

ஸ்டெப் 5: இப்ப "வேலை" காலத்தை கடகடன்னு நிரப்பலாம். 1705 கசானோ போர், 1706 டுரின் போர், 1712ல ஃபீல்டு மார்ஷல், 1715ல ஸ்வீடன் மன்னர் பன்னிரண்டாம் சார்லஸுக்கு எதிரா ரூகன் தீவுல படையை இறக்குனது. அதுக்கப்புறம் நீளமா ஒரு இடைவெளி வரும், பெரிய போர் எதுவும் இருக்காது, காலியா விட்டுடாதீங்க, அவரோட பெரிய வேலையே அங்கதான். ஹாலே (Halle) ஊர்ல இருந்த தன் ரெஜிமென்ட்டை ஓயாம ட்ரில் வாங்கினார், எல்லாரும் ஒரே தாளத்துல கால் எடுத்து வைக்கணும். துப்பாக்கிக் குழாய்க்குள்ள மருந்தையும் குண்டையும் இடிச்சு இறக்குற குச்சி அதுவரைக்கும் மரம், அவசரத்துல ஒடிஞ்சிடும், இவர் இரும்புக் கம்பியா மாத்துனார். ஒடியாத கம்பின்னா பயப்படாம வேகமா குத்தலாம், நிமிஷத்துக்கு கூடுதலா சுடலாம். பின்னாடி பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃப்ரெடரிக் ஜெயிச்ச காலாட்படை இப்படி உருவானதுதான், என்னைக் கேட்டா இவர் ஜெயிச்ச போர்களை விட இதுதான் பெருசு.

ஸ்டெப் 6: கெஸல்ஸ்டார்ஃப் போர், 1745 டிசம்பர் 15, சாக்சனி நாட்டுத் தலைநகர் ட்ரெஸ்டனுக்கு மேற்கே, சாக்சன் படைக்கு எதிரா. லியோ-1676க்கு வயசு 69. மெதுவா வர்றீங்கன்னு ஃப்ரெடரிக் கோவமா லெட்டர் மேல லெட்டர் போட்டிருந்தார். பனி உறைஞ்ச சரிவுல ஏறிப் போன பிரஷ்யர்களை சாக்சன் பீரங்கி ரெண்டு தடவை திருப்பி அடிச்சது, ஜெயிச்சாச்சுன்னு சாக்சன் படை தன் இடத்தை விட்டு வெளிய வந்து துரத்த, அவங்க பீரங்கிக்கே அவங்க குறுக்க நின்னுட்டாங்க, பிரஷ்யக் குதிரைப்படை அந்த நேரம் பாத்து பாஞ்சுடுச்சு. "கடவுளே, எனக்கு உதவலன்னாலும் பரவால்ல, அந்த எதிரிப் பசங்களுக்கு உதவாதீங்க"ன்னு முன்னாடி வேண்டிக்கிட்டாராம், இதை "கதை"ன்னு தனி காலத்துல போடுங்க. டிசம்பர் 25ல ட்ரெஸ்டன்ல சமாதானம்.

அப்டேட்: மூத்த மகன் இருக்கும்போது ரெண்டாவது மகன் எப்படி வாரிசானார்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. மூத்தவர் வில்ஹெல்ம் குஸ்டாவ் 1737லயே பெரியம்மைல போயிட்டார். அவர் ஒரு மதுவடிப்பவர் பொண்ணை ரகசியமா கட்டிக்கிட்டு அப்பாகிட்ட மறைச்சே வச்சிருந்தார், மருந்துக்கடைக்காரர் பொண்ணைக் கட்டுன அப்பாகிட்ட! அந்தப் பிள்ளைங்களுக்கு நாடு கிடைக்கல, 1749ல "அன்ஹால்ட் கவுன்ட்"ங்கிற (இளவரசரை விடக் கீழ) பட்டம்தான் கிடைச்சது. ஏழாண்டுப் போர் (1756-63) பட்டியல்ல அந்தப் பட்டத்தோட யாராவது வந்தா இந்தக் கிளையான்னு முதல்ல பாருங்க, அவங்களுக்கு "வீடு" காலத்துல தனி வரிசை விட்டுடுங்க.